மாப்பிள்ளை வெளியில் நிற்கிறார்

அத்தியாயம் பதினேழு

நொத்தாரிசு அலுவலகத்தில் ஏழு வருடமாகச் சொத்து உறுதிப் பத்திரங்கள் தட்டச்சு செய்கிற ஒருத்தியின் மேசைக்கே, அவள் பெயரில் ஓர் உறுதி வந்தால் அவள் என்ன செய்வாள்?

சென்ற வாரம் முப்லிஹா ஒன்றும் செய்யவில்லை. பேசாமல் உட்கார்ந்து அடித்தாள். காத்தான்குடியில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் ஏது? மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். அப்படிக் கைமாறுகிற வீடுகளின் உறுதிகள் எத்தனையோ அவள் விரல் வழியாகப் போயிருக்கின்றன. 'நன்கொடை கொடுப்பவர்: ஜெமீலா. ஏற்றுக்கொள்பவர்: முப்லிஹா' என்று ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் அடித்து முடித்துவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழுததற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டைக் கட்டியது அவளுடைய வாப்பா அப்துல் கபூர். இருபத்திரண்டு வருடமாகக் கத்தாரில் லொறி ஓட்டுகிறார். அவர் கட்டிய முதல் வீடு மூத்த மகள் பஹீமாவுக்குப் போயிற்று. இது இரண்டாவது வீடு. மூன்று அறை, ஒரு மண்டபம். காணி உம்மா ஜெமீலாவின் பெயரில் என்பதால் காகிதத்தில் வாப்பாவின் பெயர் எங்குமே இல்லை. விடுமுறைக்கு வந்துபோன நாட்களை எல்லாம் கூட்டினாலும் அந்த வீட்டில் அவர் படுத்து எழும்பியது ஒரு வருடத்துக்கு வராது. அடுத்த மாதம் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பப் போகிறார்.

அதற்குள் வீட்டைக் காலிசெய்து ஒழித்துத் தரவேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய் ஹப்ஸா கேட்டிருந்தாள். ஜெமீலா மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த ஒழுங்கையில் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்குப் பிடித்து, அலுமாரியையும் தையல் மெசினையும் அங்கே ஏற்றியும்விட்டாள். திங்கட்கிழமை கையெழுத்து.

இன்று சனிக்கிழமை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு இதுதான் நாள்.

"ட்ரம்போலின் பார்க்கிலயா பொண்ணு பாக்கிற? ஆராச்சும் கேட்டா சிரிப்பாங்க உம்மா," என்றாள் முப்லிஹா.

"சிரிச்சாச் சிரிக்கட்டும். போன சம்மந்தம் வூட்டுக்கு வந்து திண்டுட்டுப் போய் ஒரு பதிலும் சொல்லல்ல. தெருவெல்லாம் மூணு மாசம் துக்கம் விசாரிச்சாங்க. இதெண்டா ஆருக்கும் தெரியாது. நிஸ்றா குர்ஆன் ஓதி முடிச்சதுக்குக் கூட்டிட்டுப் போறம், அவ்வளவுதான்."

நிஸ்றா, பஹீமாவின் ஏழு வயது மகள். ஓதி முடித்தால் துள்ளுற இடத்துக்குக் கூட்டிப்போவதாகச் சாச்சி முப்லிஹா வாக்குக் கொடுத்திருந்தது உண்மைதான். பஹீமா கைக்குழந்தையோடு வீட்டில் நின்றுகொண்டாள். மற்ற மூவரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

ஆட்டோ ஆரையம்பதியைத் தாண்டும்போதே முப்லிஹா மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். மாப்பிள்ளையை நேருக்கு நேர் கேட்டுவிடுவது. வீட்டை எழுதாமல் வருவாரா, மாட்டாரா? மாட்டார் என்றால் இன்றோடு சரி. உம்மாவுக்குச் சொன்னால் ஆட்டோவை அப்படியே திருப்பச் சொல்வாள் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

குருக்கள்மடத்துக்குச் சற்று முன்னால், கல்முனை வீதியோரமாக, முன்பு நெல் களஞ்சியமாக இருந்த கட்டடம்தான் பார்க். ஹப்ஸாவும் மகன் றிப்ஷானும் ஏறாவூரிலிருந்து முன்பே வந்து வாசலில் நின்றார்கள். ஹப்ஸா கறுப்பு அபாயாவில் மிடுக்காக இருந்தாள். றிப்ஷான் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, கையில் ஒரு பை நிறைய மங்குஸ்தானோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏறாவூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அவனே கண்ணாடி போட்டவன்தான்.

ஸலாம் சொல்லி முடித்து எல்லோரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கவுண்டரில் இருந்த நிருஷா எழுந்து கையை நீட்டினாள்.

"ஐயா, நீங்க நில்லுங்க. ஆம்பிளையள உள்ளுக்கு விடேலா."

"என்ன?" என்றாள் ஹப்ஸா.

"பத்து மணியில இருந்து பன்னிரண்டு வரைக்கும் பொம்பிளையளுக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் மட்டும்தான் அம்மா. சனிக்கிழமையில அப்பிடித்தான். போன்ல கேட்டு நீங்கதானே இந்த நேரத்தப் பதிஞ்சீங்க?"

அப்போதுதான் இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடந்தது இதுதான். பெண் வரும் இடம், கௌரவமாக இருக்கவேண்டும் என்று ஹப்ஸா பெண்கள் நேரம் எது என்று கேட்டுப் பதிந்திருந்தாள். 'அல்லாஹ், எவ்வளவு வடிவா யோசிச்சிரிக்கிறீங்க ராத்தா' என்று ஜெமீலா அதை மெச்சியும் இருந்தாள். ஒரு கிழமையாகத் தொலைபேசியில் எல்லாம் பேசித் தீர்த்த இருவருக்கும், மாப்பிள்ளை ஓர் ஆண் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"இவர் மாப்புள்ள கா," என்றாள் ஹப்ஸா, அதற்கு ஏதும் விதிவிலக்கு இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில்.

"மாப்பிள்ளையும் ஆம்பிளைதானே அம்மா," என்றாள் நிருஷா பொறுமையாக. "உள்ளுக்குப் பொம்பிளையள் முக்காடு கழட்டிப்போட்டுத் துள்ளுறாங்க. அவங்க என்னை நம்பித்தான் வாறாங்க."

முப்லிஹாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். றிப்ஷான் முகம் சிவந்து, மங்குஸ்தான் பையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, "நான் வெளிய நிக்கிறன் உம்மா," என்று கிளம்பியேவிட்டான்.

படம் எடுக்கக்கூடாது என்பதால் தொலைபேசிகளையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொன்னாள் நிருஷா. பிறகு ஆளுக்கொரு சோடி ரப்பர்ப் புள்ளி வைத்த காலுறை கொடுத்தாள். பிள்ளைக்குப் பொறுப்பு நிற்பவர் கையெழுத்து வைக்கவேண்டிய படிவத்தையும் நீட்டினாள். நிஸ்றாவுக்காக முப்லிஹா வைத்தாள்.

"ஒரு சதுரத்தில ஒரு ஆள்தான். ரெண்டு பேர் ஏறினா ஒராள் எறியுப்படுவீங்க. விசில் ஊதினா நிக்கோணும்," என்று நிருஷா விதிகளை ஒப்புவித்தாள்.

உள்ளே போனதும் நிஸ்றா வேறு உலகத்துக்குப் போய்விட்டாள். அபாயாவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சல்வாரோடு முப்லிஹாவும் ஒரு சதுரத்தில் ஏறினாள். முதலில் கூச்சமாக இருந்தது. நாலைந்து தரம் எழும்பி விழுந்ததும், கிழமைக்கணக்காக நெஞ்சில் ஏறியிருந்த பாரம் கொஞ்சம் இளகியது. பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண்கள் இருவர் கைகோத்துக்கொண்டு துள்ளி, விழுந்து, வயிறு நோகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெமீலா கரையில் உட்கார்ந்து மங்குஸ்தான் உடைத்தாள். ஹப்ஸா உட்காரவில்லை. பெண் பார்க்க வந்தவள் பெண்ணைப் பார்க்கவேண்டாமா? வலைக் கதவைத் திறந்துகொண்டு, மருமகளாகப் போகிறவளோடு இரண்டு வார்த்தை பேசுவோமென்று நேரே முப்லிஹாவின் சதுரத்துக்குள்ளேயே காலை வைத்தாள்.

"மாமி, வராதீங்க!"

சொல்லி வாய் மூடுவதற்குள், துள்ளிய வேகத்தில் முப்லிஹா துணியில் வந்து விழுந்தாள். ஹப்ஸா மேலே போனாள். அதிகமில்லை, ஒரு முழம் இருக்கும். ஆனால் ஐம்பத்தாறு வயதில் ஒரு முழம் என்பது சின்ன விசயம் அல்ல. மல்லாக்க விழுந்து, எழும்பப் பார்த்து, மறுபடி விழுந்தாள்.

நிருஷா விசில் ஊதினாள். முப்லிஹா முழந்தாளில் நடந்து போய்க் கையைப் பிடித்தாள்.

"நோகுதா மாமி?"

"நோகல்ல. ஒழும்பத்தான் ஏலாமக் கிடக்கு."

"ஒழும்பாதீங்க. அப்பிடியே இரிங்க. ஆட்டம் நிண்டதும் ரெண்டு பேரும் தவண்டு போவம்."

இருவரும் காலை நீட்டி அந்தக் கறுப்புத் துணியில் உட்கார்ந்திருந்தார்கள். ஹப்ஸாவுக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்தது. இந்த மனுசியை வெறுக்க முடியாது போலிருக்கிறதே என்று முப்லிஹா பயந்தாள்.

மூச்சு வந்ததும் ஹப்ஸா கேட்டாள். "உம்மாட சாமானெல்லாம் ஏத்தி முடிஞ்சா மகள்?"

"இல்ல மாமி. பாதிதான்."

"கெதியா ஒழிச்சாத்தான் பெயின்ட் அடிக்கலாம். முன்னறையில காத்து வருமா?"

"முன்னறையா? ஏன் மாமி?"

ஹப்ஸா குனிந்தாள். காலுறையை இழுத்துச் சரிசெய்தாள்.

முப்லிஹாவுக்குப் பொறுக்கவில்லை. ஹப்ஸாவைக் கரை சேர்த்துவிட்டு, அபாயாவை மாட்டி முக்காட்டைச் சரிசெய்து, நிஸ்றாவின் கையைப் பிடித்தாள். "ஐஸ்கிறீம் வேணுமெண்டு அழுகிறா, வாங்கிட்டு வாறன்," என்றாள். நிஸ்றா அழவே இல்லை. ஆனால் ஐஸ்கிறீம் என்றதும் கேள்வி கேட்காமல் கூடவே வந்தாள்.

வெளியில் வெயில் கொளுத்தியது. றிப்ஷான் வாகனம் நிறுத்தும் இடத்துப் பூவரச மரத்தடியில் நின்றான். இவர்களைக் கண்டதும் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து நிருஷா பார்த்துக்கொண்டிருந்தாள். அது முப்லிஹாவுக்குத் தைரியமாக இருந்தது.

"நேரமில்ல. ஒண்டு கேக்கன், நேரா சொல்லுங்க," என்றாள். "எங்கட வூட்ட எழுதித் தராட்டி நீங்க இந்தக் கலியாணத்துக்கு வருவீங்களா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அது... ஊர் வழக்கம்தானே."

"வழக்கத்தக் கேக்கல்ல. ஒங்களக் கேக்கன்."

"ஏன், ஒங்களுக்கு வூடு விருப்பமில்லயா?"

"எங்கட வாப்பா இருபத்திரண்டு வருசம் லொறியில கிடந்து கட்டின வூடு. அடுத்த மாசம் முதுகு நொந்து வாறார். வந்து வாடகை வூட்டுப் பாயில படுக்கணுமா? அவர் கட்டின வூட்டில நான் கட்டில் போட்டுப் படுக்கணுமா? எனக்கு ஏலா. அவங்க ரெண்டு பேரும் மவுத்தாகும் வரைக்கும் அந்த வூடு அவங்கடதான். நீங்க வாறெண்டா அவங்களோட சேந்து இரிக்கிறதுக்கு வரணும்."

நிஸ்றா சாச்சியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

றிப்ஷான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கட உம்மாவும் வூட்டத் தங்கச்சிக்கு எழுதிக் குடுத்தவதான். இப்ப விறாந்தையப் பலகையால மறைச்சி அதுக்குள்ள இரிக்கா. இருமல் வந்தாலும் வாயப் பொத்திட்டு இருமுறா, மருமகன்ட நித்திரை முறிஞ்சிடுமெண்டு. ஒங்கட வூடு ஒழிஞ்சா முன்னறையில வந்து இரிக்கலாமெண்டு அவக்கு ஒரு நெனப்பு. எனக்குச் சொல்லல்ல. ஆனா எனக்குத் தெரியும்."

முன்னறையில காத்து வருமா? ஹப்ஸா ஏன் அப்படிக் கேட்டாள் என்று முப்லிஹாவுக்கு விளங்கியது. கோபப்படுவதற்கென்று அவள் ஒரு கிழமையாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதையும் இப்போது சொல்ல முடியவில்லை. பாவம் என்று நினைத்தாள். ஆனாலும் தன் முடிவை ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"மூணு அறை இரிக்கி," என்றாள். "ஒங்கட உம்மா வந்து இரிக்கட்டும். ஆனா எங்கட உம்மா வெளிய போகமாட்டா."

அவன் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நான் எழுத்தில்லாம வாறன்," என்றான். "ஆனா உம்மாக்கிட்ட..."

"உம்மாக்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

"என்னைத்தான் உள்ளுக்கு விடுறாங்களில்லயே."

"வெளிய நிக்கிறது ஒங்களுக்கு நல்ல சுகமா இரிக்கிற போல."

அவன் கண்ணாடிக் கதவைப் பார்த்தான்.

"பன்னிரண்டு மணிக்கு ஆம்பிளையளுக்குக் கதவு துறப்பாங்க. வாறெண்டா அப்ப வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. வராட்டி நாங்க ஆட்டோ பிடிச்சிப் போயிடுவம்."

ஐஸ்கிறீமும் வாங்கவில்லை. நிஸ்றாவின் முகம் தொங்கிப்போயிற்று.

உள்ளே திரும்பியபோது மணி பதினொன்று நாற்பது. ஜெமீலாவும் ஹப்ஸாவும் மங்குஸ்தான் தோல்களுக்கு நடுவில் கல்யாண நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியில் போன இடத்தில் என்ன நடந்தது என்று முகத்தைப் பார்த்தே ஜெமீலாவுக்கு விளங்கிவிட்டது.

"மாப்புள்ளையோட கதைச்சியா?"

"ஓம் உம்மா." முப்லிஹா நின்றபடியே சொன்னாள். "மாமி, நீங்களும் கேளுங்க. திங்கக்கிழமை நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"ஒண்ட கையெழுத்து என்னத்துக்கு? தாறது நான்," என்றாள் ஜெமீலா.

"வாங்கிற ஆளும் ஏற்றுக்கொள்ளுறன் எண்டு கையெழுத்து வைக்கணும் உம்மா. இல்லாட்டி அந்த உறுதி செல்லாது. ஏழு வருசமா நான் அதத்தான் அடிக்கன். வேணாமெண்டு சொல்றவக்கு வூட்டத் திணிக்க ஏலா."

ஹப்ஸாவின் முகம் இறுகியது. "அப்ப எங்கள என்னத்துக்குக் கூப்பிட்டீங்க ஜெமீலா? எழுத்து முடியாம நாள் குறிக்க எங்கட ஆக்கள் ஒத்துக்கமாட்டாங்க."

"எழுதுவம் ராத்தா. இவ கிடக்கா, விசரி." ஜெமீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானமா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒண்ட ராத்தா பஹீமாக்கு மட்டும் வூட்டக் குடுத்து ஒன்னக் கைவிட்டதெண்டு ஊர் சொல்லணுமா? நான் எங்கயாச்சும் கிடந்துக்குவன். ஒனக்கு வூடில்லாமப் போறத என்னால பாத்திட்டு இரிக்க ஏலா."

"எனக்கு வூடு இரிக்கி உம்மா. நீங்களும் வாப்பாவும் இரிக்கிறதுதான் எண்ட வூடு."

"பொறு, வாப்பாக்கே சொல்றன். ஒனக்கு அவர்தான் சரி."

ஜெமீலா விடுவிடென்று பெட்டகத்துக்குப் போனாள். தொலைபேசியைத் திறந்ததும் கணவனிடமிருந்து ஆறு அழைப்புகள் தவறியிருந்தன. கவுண்டர் பக்கத்திலேயே நின்று திருப்பி அழைத்தாள். காதில் வைத்தால் கேட்காது என்று எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அதனால் பின்னால் வந்து நின்ற எல்லோருக்கும் கேட்டது. பின்னணியில் பஸ் ஹோர்ன் சத்தம். யாரோ சிங்களத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவினார்கள்.

"என்ன சத்தம் இது? எங்க நிக்கிறீங்க?"

"கட்டுநாயக்கா எயார்போர்ட்டில நிக்கிறன் புள்ள."

"என்ன?"

"காலைல எறங்கினன். ஒன்றையும் யோசிக்காத, வேலையெல்லாம் சரியா முடிச்சிட்டுத்தான் வந்த." அப்துல் கபூரின் குரலில் களவில் பிடிபட்டவரைப் போல ஒரு வெட்கம் இருந்தது. "திங்கக்கிழமை எழுத்தெண்டு நீ சொன்னாய்தானே. அதுக்கு முந்தி ரெண்டு நாள் எண்ட வூடெண்டு படுத்து எழும்புவம் எண்டு ஆசையா இரிந்திச்சி. அதான் டிக்கட்ட மாத்தினன். மறுகா மகள்ட வூட்டுக்கு விருந்தாளியா வந்து போறதானே."

உள்ளே பிள்ளைகள் துள்ளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முப்லிஹா வாயைப் பொத்திக்கொண்டாள். ஏதாவது சொன்னால் அழுகைதான் வரும்.

"அலுமாரியெல்லாம் ஏத்தியாச்சி எண்டியே," என்றார் அவர். "பஸ் வெளிக்கிடப் போகுது. ராவு எட்டு மணி போல வந்திடுவன். நான் எந்த வூட்டுக்கு வர, ஜெமீலா?"

ஜெமீலா கவுண்டர் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். முப்லிஹாவுக்குப் பதில் நுனிநாக்கில் நின்றது. ஆனால் கேள்வி உம்மாவிடம் கேட்கப்பட்டது. அவள்தான் சொல்லவேண்டும்.

"நம்மட வூட்டுக்கு வாங்க," என்றாள் ஜெமீலா. "கட்டில் அங்கதான் கிடக்கு. நான் ஏத்தல்ல."

அழைப்பு முடிந்தது. ஜெமீலா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அலுமாரியை ஏற்றியபோது கட்டிலை மட்டும் ஏன் விட்டுவைத்தாள் என்று முப்லிஹா இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"அப்ப திங்கக்கிழமை?" என்றாள் ஹப்ஸா மெதுவாக.

"திங்கக்கிழமை எனக்கு நேரமில்ல ராத்தா," என்றாள் ஜெமீலா. "அந்த மனிசனுக்குச் சோறும் ஆணமும் ஆக்கணும். இருபத்திரண்டு வருசமா ஒழுங்கா ஆக்கிக் குடுக்கல்ல."

ஹப்ஸா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். காலுறையைக் கழற்றி நிருஷாவிடம் கொடுத்தாள். அவள் கோபமாகப் போகிறாளா, பலகை மறைப்புக்குத் திரும்பிப் போகவேண்டுமே என்ற துக்கத்தில் போகிறாளா என்று முப்லிஹாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. தடுக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் தடுக்கவேண்டியவள் தான் அல்ல என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நிருஷா பன்னிரண்டு மணி விசிலை ஊதினாள்.

கதவு திறந்தது. றிப்ஷான் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தாயின் வழியை மறித்து நின்றான். வியர்வையில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இரிங்க உம்மா," என்றான். "நான் கதைக்கணும்."